லாசால் பிரிட்ஜில் உறங்கிய அப்பிள் மரம்

நேற்றுக் காலை எங்கள் தெருவில் நகரசபைக்காரர்கள் மரம் அரைத்தார்கள். போன வாரத்து உறைமழையில் முறிந்த கொப்புகளை ஒவ்வொன்றாக ஓர் இயந்திரத்தின் வாய்க்குள் தள்ள, அது அலறிக்கொண்டே விழுங்கி மறுபக்கத்தால் தூளாகத் துப்பியது. சத்தம் தாங்காமல் ஜன்னலைச் சாத்தப் போனேன். சாத்தவில்லை. ஈரத்தூளின் வாசம் எனக்கு முன்னால் உள்ளே வந்துவிட்டது.

எல்லா மரத்தூளும் ஒன்றுபோல மணக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பைன் தூள் தரை துடைக்கிற மருந்துபோல மூக்கில் ஏறும். மேப்பிள் தூளுக்கு வாசமே இல்லை, பழைய கடதாசிபோல ஒரு வெறுமை. அப்பிள் மரத்தின் தூள் மட்டும் இலேசாக இனிக்கும், பிறகு புளிக்கும், மழையில் நனைந்த வெல்லச் சாக்குபோல. மூன்றாம் வீட்டு முற்றத்து மரமாக இருக்கவேண்டும். தேத்தண்ணிக்கு வைத்த தண்ணீர் கொதித்துக் கொதித்து வற்றிப்போக, நான் அந்த வாசத்துக்குள் நின்றுகொண்டிருந்தேன். மார்செல் எனக்கு எப்போதும் மூக்கு வழியாகத்தான் வருவார்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. திருகோணமலையிலிருந்து வந்து இரண்டு வருடம். மொன்றியலில், லாசால் பகுதியில் அக்காவோடும் அத்தானோடும் இருந்தேன். டோர்வல் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்புகிற ஒரு கட்டடத்தில் வேலை. முதல் வருடம் முழுவதும் செய்தது ஒரே வேலைதான்: ஒரு கத்தி, ஒரு முள்ளுக்கரண்டி, ஒரு கரண்டி, ஒரு கடதாசித் துவாய், எல்லாவற்றையும் சுருட்டி ஒரு பிளாஸ்ரிக் உறைக்குள் போடுவது. உலகத்தின் எத்தனையோ பேர் மேகத்துக்கு மேல் நான் சுருட்டியதைப் பிரித்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். ஒருவராவது நினைத்திருப்பாரா? நானும்தான் அவர்களை நினைக்கவில்லை. நினைத்ததெல்லாம் என் மணிக்கட்டு வலியைத்தான்.

இரண்டாம் வருடம் லொறியில் உதவியாளாகப் போட்டார்கள். பெட்டி மேலே உயர்ந்து விமானத்தின் கதவோடு போய் ஒட்டிக்கொள்கிற லொறி அது. அதன் சாரதிதான் மார்செல். ஐம்பதை நெருங்கியவர், கழுத்தில்லாதவர், சண்டைக்காரர். மேற்பார்வையாளரோடு சண்டை, சிவப்பு விளக்கோடு சண்டை, கோப்பி இயந்திரத்தோடு சண்டை, காற்றோடு சண்டை. இந்த ஊரில் கெட்ட வார்த்தைகள் எல்லாம் தேவாலயத்திலிருந்து வந்தவை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மார்செல் கோபம் வந்தால் பீடத்திலுள்ள பாத்திரங்களை வரிசையாகச் சொல்லி முடித்துத்தான் மூச்சு விடுவார். முதல் மாதம் அவர் பெரிய பக்திமான் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவர் என்னோடு பேசியது முழுக்க இந்த ஊர்ப் பிரெஞ்சு. ஆனால் இத்தனை வருடம் என் தலைக்குள் கிடந்ததில் அது ஊறி, கரைந்து, எங்கள் ஊர்ப் பேச்சாகவே மாறிவிட்டது. நினைவில் மார்செல் திருகோணமலைத் தமிழ்தான் கதைக்கிறார். அதை அப்படியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓர் ஒக்ரோபரில் அவர் எனக்கு ஒரு பை நிறையக் காய் கொண்டுவந்து தந்தார். நீளமான, பச்சைத்தோல் மூடிய, பிசுபிசுத்த காய்கள். வால்நட்டின் காட்டு உறவு. தோலை உரித்து, வெயிலில் காயவைத்து, பிறகு உடைக்கவேண்டும் என்றார். உடைப்பதா? அத்தான் சுத்தியலால் அடித்தார், அது குசினிக்குள் துள்ளி ஓடியது. கடைசியில் குளியலறைக் கதவின் பிணைச்சல் இடுக்கில் வைத்து நெரித்தார். கதவு இறங்கிப்போனது, காய் உடைந்தது. உள்ளே இருந்த பருப்பு வெண்ணெய்போல இருந்தது. அக்கா அதை ரவைக் கேசரிக்குள் போட்டாள். எங்கள் கையெல்லாம் மருதோன்றி அரைத்துப் பூசியதுபோல மண்ணிறம். இரண்டு கிழமைக்கு அந்தக் கறை போகவில்லை. சாப்பாட்டில் கை வைக்கிற வேலை இல்லையா, மேற்பார்வையாளர் தினமும் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்கை பொறுக்கினது இது?" என்று மார்செலைக் கேட்டேன்.

"எங்கட வீட்டு வாசல்ல," என்றார். "வீடுதான் இல்லை."

அப்படித்தான் அந்தச் சுரங்கக் குடியிருப்பு என் வாழ்க்கைக்குள் வந்தது. மொன்றியலுக்குக் கிழக்கே, இரண்டு மணித்தியாலத் தூரத்தில், மலைச்சரிவில் ஒரு செப்புச் சுரங்கம். மார்செலுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது மூடிவிட்டார்கள். கம்பனிக்காரர் கூரைகளைக் கழற்றிக்கொண்டு போக, மிச்சத்தைப் பனி தின்றது. இப்போது நிலவறைக் குழிகள் மட்டும்தான். குழிகளும் மரங்களும்.

"வீடெல்லாம் ஒரே அச்சு," என்றார் மார்செல். "ஒரே கதவு, ஒரே ஜன்னல், ஒரே நிறம். குடிவெறியில வாற ஆக்கள் மாறி மாறி அடுத்தவன்ர வீட்டுக்குள்ள போவினம். மரத்தைப் பாத்துத்தான் ஆரின்ர வீடெண்டு கண்டுபிடிக்கிறது."

சுரங்கம் தோண்ட வந்த முதல் ஆட்கள் எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். ஒருவர் காற்சட்டைப் பையில் வால்நட், ஒருவர் பிளம்ஸ் கொட்டை. யாரோ ஒருவர் குசினி வாசலில் நின்று அப்பிளைத் தின்றுவிட்டு நடுக்கோதை எறிந்தார். அது முளைத்தது. விதையிலிருந்து வருகிற அப்பிள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குணம், தாயைப்போல இராது. ஆகவே அந்த மரம் உலகத்தில் ஒன்றே ஒன்று. பெயரும் இல்லை. பிறகு அந்த வீட்டுக்குக் குடிவந்த மார்செலின் குடும்பம் அதை 'எங்கட மரம்' என்று மட்டும்தான் சொல்லிவந்தது. சுருங்கின தோல், உள்ளே மஞ்சள், மார்கழி வரை வைத்துத் தின்னலாம் என்று மார்செல் சொல்லும்போது அந்தச் சண்டைக்கார முகம் இளகிவிடும்.

இப்போது அதற்கு ஆபத்து. சுரங்கக் கழிவு மண் நஞ்சு, ஆற்றுக்குள் இறங்குகிறது, பனி உருகியதும் எல்லாவற்றையும் வாரி மூடிப் புதுமண் போடப்போகிறார்கள் என்று அறிவித்தல் வந்திருந்தது. மார்செல் அதோடு மட்டும் சண்டை பிடிக்கவில்லை. "மண் நஞ்சுதான். அப்பா இருமி இருமிச் செத்தவர். மூடட்டும். ஆனா மரம் என்ன பிழை செய்தது?"

இப்படிப் பழைய சுரங்கக் குடியிருப்புகளில் தப்பி நிற்கிற மரங்களைத் தேடிக் கொப்பு வெட்டி, வேறு கன்றில் ஒட்டி வளர்க்கிற ஒரு சிறு கூட்டம் இருந்தது. சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில், விவசாயப் படிப்பு வளாகத்துக்கு அருகே அவர்களுக்கு ஒரு தோட்டம். அவர்கள் மார்செலின் மரத்தையும் கண்டுபிடித்துத்தான் இருந்தார்கள். ஆனால் அதன் கழுத்தில் 'பதினேழு' என்று ஒரு தகரத்துண்டைக் கட்டிவிட்டார்கள். மார்செல் போய்த் தகரத்தைப் பிடுங்கி, அவர்களுடைய தலைவியான சிவப்புத் தொப்பி அம்மாவிடம் கொடுத்து, பீடத்துப் பாத்திரங்கள் முழுவதையும் சொல்லிவிட்டு வந்துவிட்டார். இனி அங்கே போகமாட்டார்.

இந்த இடத்தில்தான் என் வாய் திறந்தது. "ஒட்டு வைக்கிறது என்ன பெரிய வேலையே? எங்கட ஊரில சின்னப் பிள்ளையளும் செய்யும். எங்கட அத்தான் யாழ்ப்பாணம். அவர் வைச்ச ஒட்டு மாமரத்தில ஊரே காய் பிடுங்கினது."

அத்தானைப் பற்றிச் சொன்னது உண்மை. சின்னப் பிள்ளைகள் பற்றியது பொய். என் வாழ்க்கையில் நான் ஒட்டியது தபால் முத்திரை மட்டும்தான்.

மார்ச் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மார்செலோடு போய்க் கொப்பு வெட்டினேன். பனியில் புதையாமல் நடக்க, பூந்தட்டுப்போல ஒன்றைக் காலில் கட்டிவிட்டார். பத்தடிக்கு ஒருமுறை விழுந்தேன். அவர் மரத்தடியில் போய்ச் சேர்ந்து கோப்பி குடித்து முடித்த பிறகுதான் நான் போனேன். மரம் ஒரு பக்கம் சாய்ந்து, பாதி பட்டு, பாசி பிடித்து நின்றது. போன வருடத்து இளங்கொப்புகள் உச்சியில் மட்டும். பென்சில் தடிப்பில் பதினொரு கொப்பு கிடைத்தது. ஈரக் கடதாசியில் சுற்றி, பிளாஸ்ரிக் பையில் போட்டு, என் கையில் தந்தார்.

"பிரிட்ஜில வை. மே மாசம் வரைக்கும் குளிரிலதான் இருக்கோணும். பக்கத்தில பழம் ஒண்டும் வைக்காதை. பழத்தின்ர மூச்சுப் பட்டா மொட்டுச் செத்துப்போம்."

ஏன் அவர் தன் வீட்டில் வைக்கவில்லை என்று கேட்பீர்கள். டோர்வலில் அவர் இருந்த வீட்டில் நாலு பேருக்கு ஒரு பிரிட்ஜ். அந்த நாலு பேரோடும் அவருக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

அக்கா பிரிட்ஜைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

"இதென்னடி, விறகைக் கொண்டந்து மரக்கறித் தட்டில வைச்சிருக்கிறாய்?"

"அப்பிள் கொப்பு அக்கா. மே மாசம் வரைக்கும்தான். பழம் மட்டும் உள்ளுக்கை வைக்கக்கூடாதாம். பழம் விடுற மூச்சு அதுக்கு ஆகாதாம்."

"அப்ப வாழைப்பழம்?"

"வெளியில."

"மாம்பழப் பெட்டி?"

"அதுவும் வெளியில."

"நல்லகாலம், நானும் மூச்சு விடுறனான் எண்டு அந்த மனுசனுக்குத் தெரியாது."

இத்தனைக்கும் அவள் அந்த வருடத்து முதல் மாம்பழப் பெட்டியைக் குசினி மேசையிலேயே வைக்க, பழுத்து அழுகுவதற்கு முன் நாங்கள் மூன்று வேளையும் மாம்பழம் தின்றோம். ஓர் அப்பிள் மரத்துக்காக.

அத்தான் பையைத் திறந்து கொப்புகளைப் பார்த்தது ஒரு மாலை. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஒவ்வொரு மொட்டாகப் பெருவிரலால் தடவினார்.

"பிள்ளை, இது சரிவராது. மொட்டைப் பாரும், கல்லு மாதிரி இறுகிக் கிடக்கு. நாங்கள் மாவில ஒட்டுறதெண்டா பத்து நாளைக்கு முதலே இலையைக் கிள்ளிவிட்டுப் பாத்துக்கொண்டிருப்பம். மொட்டு வீங்கி, இப்ப வெடிக்கப்போகுது எண்டு நிக்கேக்கைதான் கத்தி வைப்பம். நித்திரை கொள்ளுற மொட்டு எப்பிடி ஒட்டும்?"

அத்தான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அவர் பேச்சில் ஒரு முழுத் தோட்டத்தின் அதிகாரம் இருந்தது. நான் தலையாட்டினேன். அடுத்த நாள் பதினொரு கொப்பும் பழைய பெயின்ற் வாளியில், வெதுவெதுப்பான தண்ணீரில், குளியலறை ஹீற்றருக்குப் பக்கத்தில் நின்றன. அக்கா பிரிட்ஜைத் துடைத்து, வாழைப்பழத்தை உள்ளே வைத்து, பெருமூச்சு விட்டாள்.

உங்களுக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். எங்கள் ஊரில் எந்த மரம் ஆறு மாதம் தூங்குகிறது? இலை கொட்டினால் அடுத்த கிழமை தளிர். தளிர் வராவிட்டால் பட்டுப்போனதென்று வெட்டி அடுப்புக்குள் வைப்போம். லாசாலில் என் முதல் பனிக்காலத்தில், தெரு முழுக்க மரங்கள் செத்துப்போய் நிற்கின்றன, நகரசபை இன்னும் வெட்டாமல் என்ன செய்கிறது என்று எனக்குக் கோபம்கூட வந்தது. தூக்கம் என்பது ஒரு மரத்தின் வேலை, அதுவும் இரவு பகலாக முறைமாற்றமில்லாமல் செய்கிற வேலை என்று எங்களில் யாருக்குத் தெரியும்?

பத்தாம் நாள் மொட்டுகளில் எலிக்காது அளவு பச்சை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த நாள் லொறியில் ஏறியதும் ஏறாததுமாக மார்செலிடம் சொன்னேன்.

"கொப்பெல்லாம் முழிச்சிட்டுது!"

லொறி ஓடுபாதைக்குப் பக்கத்துத் தெருவின் நடுவில் நின்றது. பின்னால் வந்த எரிபொருள் வண்டி ஹோர்ன் அடித்தது. மார்செல் அதைத் திட்டவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது.

"குளிரில வை எண்டுதானே சொன்னனான்?"

"ஓம், பழுதாகாமல் இருக்கத்தானே? கீரை மாதிரி..."

"நித்திரையில இருக்க," என்றார் மார்செல், மிக மெதுவாக. "கொப்பு நித்திரையில இருக்கோணும், அதை ஏந்துற அடிக்கன்று முழிச்சிருக்கோணும். கொப்பு முதல்ல முழிச்சிட்டா அதுக்குச் சாப்பாடு குடுக்க ஆருமில்லை. காஞ்சு செத்திடும்."

பிறகு லொறியை எடுத்தார். கொஞ்சத் தூரம் போய், "சரி. மரம் நிக்குதுதானே. ஞாயிற்றுக்கிழமை போய் இன்னொருக்கால் வெட்டுவம்," என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தானும் வந்தார். குற்றவுணர்ச்சியில், வேலைக்குப் போகிற நல்ல சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, மடியில் கத்தியும் பிளாஸ்ரிக் பையும் வைத்துக்கொண்டு. அந்த வருடம் பனி வழக்கத்தைவிட வெள்ளெனவே உருகியிருந்தது. குடியிருப்புக்கு ஏறுகிற பாதை புதிதாக அகலமாக இருந்தது. அகலத்தைக் கண்டதும் மார்செல் தன் வான் வண்டியின் வேகத்தைக் கூட்டினார்.

மரம் இருந்த இடத்தில் மரம் இல்லை. வால்நட்டும் இல்லை. நிலவறைக் குழிகளை நிரவியிருந்தார்கள். ஒரு மஞ்சள் இயந்திரம், ஞாயிற்றுக்கிழமை ஓய்வில், கையை மடித்துக்கொண்டு நின்றது. அதன் பக்கத்தில் ஓர் ஆள் உயரத்துக்கு மரத்தூள் குவியல். அந்த வாசம்! இனிப்பும் புளிப்பும். நாங்கள் மூன்று பேரும் குவியலைக் கையால் கிளறினோம். விரல் நீளத்துக்காவது முழுசாக ஒரு கொப்பு, ஒரு மொட்டு. அத்தான் முழங்காலில் நின்று, நல்ல சப்பாத்தோடு, சேற்றுக்குள் தோண்டிக்கொண்டே இருந்தார். ஒன்றும் இல்லை. அவர்கள் தங்கள் வேலையைச் சுத்தமாகத்தான் செய்திருந்தார்கள்.

திரும்பி வரும்போது மார்செல் ஒரு பாத்திரத்தின் பெயரையும் சொல்லவில்லை. அத்தானால் அதைத் தாங்க முடியவில்லை.

"பிள்ளை, இவரிட்டைச் சொல்லும். என்னை ரெண்டு அடி அடிச்சாலும் பரவாயில்லை, வாய் திறந்து கதைக்கச் சொல்லும்."

நான் மொழிபெயர்த்தேன். அடிக்கிற பகுதியை விட்டுவிட்டு.

"நான் ஒண்டும் கோவமில்லை எண்டு சொல்லு," என்றார் மார்செல். அவர் எவர்மீதும் கோபமில்லாமல் இருந்ததை நான் கண்ட ஒரே நாள் அது. அதைவிட அவர் அழுதிருக்கலாம் என்று பட்டது.

மூன்று நாள் கழித்துச் சித்திரை வருடப்பிறப்பு. காலையில் எழும்பிக் குளியலறைக்குப் போனவள் வாசலிலேயே நின்றேன். வாளியில் கொப்புகள் பூத்திருந்தன. வெளியே தெருவோரம் அழுக்குப் பனி, ஒரு புல்லுக்கூட இல்லை. உள்ளே, ஷம்பூப் போத்தலுக்கும் சுவருக்கும் நடுவில், ரோசா விளிம்பு வைத்த வெள்ளைப் பூக்கள் அடர்ந்து நின்றன. இறந்துபோன மரத்தின் கடைசி வசந்தம், எங்கள் குளியலறையில்.

அக்காவுக்கு அந்த வருடம் கும்பத்துக்கு மாவிலை கிடைக்கவில்லை. கேட்காமலே வாளியைத் தூக்கிப் போய், கொப்புகளைக் கும்பத்தில் மாவிலைக்குப் பதிலாகத் தேங்காயைச் சுற்றி வைத்தாள். மாடிக்காரர் எல்லாரும் வந்து பார்த்தார்கள். கீழ்வீட்டுப் பஞ்சாபி அம்மா காலணியைக் கழற்றி வைத்துவிட்டுக் கும்பிட்டாள். அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

"அந்த மனுசனை வரச் சொல்லடி. அவற்ற மரம். அவர் பாக்காம நாங்கள் பாக்கிறது சரியில்லை."

மார்செல் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்தார். கழுத்தில்லாதவருக்குக் கழுத்துப்பட்டி! சப்பாத்தைக் கழற்றினார், ஒரு காலுறையில் பெருவிரல் வெளியே. கும்பத்துக்கு முன்னால் போய் நின்றார். நிறைய நேரம் நின்றார்.

"ஓரம் ரோசா," என்றார் கடைசியில். "நான் முழு வெள்ளை எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான். இவ்வளவு வருசமும் பிழையாத்தான் நினைச்சிருக்கிறன்."

அக்கா அவருக்குப் பொங்கிய புக்கையும் உழுந்து வடையும் வைத்தாள். மூன்றாவது வடையில் அவர் கொஞ்சம் பழைய மார்செலானார், எங்கள் ஹீற்றர் சத்தம் போடுகிறது என்று குறை சொன்னார். அந்தத் துணிவில் நான் உள்ளே போய், அவருக்குத் தெரியாமல் சிவப்புத் தொப்பி அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். நடந்ததை எல்லாம் சொன்னேன், ஹீற்றர் உட்பட. அந்தப் பக்கம் வாயைப் பொத்திக்கொண்டு இருமுவதுபோல ஒரு சத்தம். சிரிக்கிறார் என்று நினைக்கிறேன்.

"கொப்பின்ர அடியைப் பாருங்கோ," என்றார். "பூத்தது நுனி. அடியில ஊசிமுனை மாதிரிச் சின்ன மொட்டுகள் இருக்கும். அது லேசில முழிக்காது. பூவை எல்லாம் இப்பவே வெட்டிவிடுங்கோ, இல்லாட்டி உள்ள சத்தெல்லாம் பூவுக்குப் போயிடும். அடித்துண்டைத் திரும்பக் குளிருக்குள்ள வையுங்கோ. மே மாசம் கொண்டு வாங்கோ, அடிக்கன்று நான் தாறன். பிடிக்குமெண்டு சொல்லமாட்டன்."

"அவர் எண் கட்டக்கூடாது எண்டுவார்."

"எண் இல்லை. அவரை வரச் சொல்லுங்கோ, அது போதும்."

நான் வந்து சொன்னதும் எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். வருடப்பிறப்பு அன்று, கும்பத்தில் வைத்த பூவை வெட்டுவதா? வெள்ளிக்கிழமையில் நகம் வெட்டினாலே வீட்டை இரண்டாக்குகிறவள் அவள். பூக்களைப் பார்த்தாள். மார்செலின் காலுறையைப் பார்த்தாள். குசினிக்குள் போய்க் கத்தரிக்கோலை எடுத்து வந்தாள்.

"மரத்துக்குத்தானே வருசம் பிறக்கோணும்," என்று சொல்லி, தன் கையாலேயே ஒவ்வொரு பூவாக வெட்டி வெள்ளித் தட்டில் அடுக்கினாள். அடித்துண்டுகள் பதினொன்றும் ஈரக் கடதாசிக்குள் போயின. வாழைப்பழம் மறுபடி வெளியே வந்தது.

மே மாதம் சென்ட்-ஆனுக்குப் போனோம். மார்செலும் சிவப்புத் தொப்பி அம்மாவும் ஒருவருக்கொருவர் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டார்கள். அத்தானிடம் கத்தியைக் கொடுத்தார்கள். அவர் விமான நிலையத்தில் துடைப்பம் பிடிக்கிற விரல்கள் அன்று வேறு யாருடையதோபோல இருந்தன. ஒரே இழுப்பில் சாய்வெட்டு, நாக்கு வெட்டு, பட்டைக்குப் பட்டை பொருத்தி, கட்டி, மெழுகு பூசி. அந்த அம்மா வேலையை நிறுத்திவிட்டு வந்து பார்த்துக்கொண்டு நின்றார். பதினொன்று வைத்தார். ஜூன் முடிவில் பத்து கருகிவிட்டன. பதினோராவதில் இரண்டு இலை. மார்செல் மண்டியிட்டு, அந்த இரண்டு இலையையும் பார்த்து, தபேர்னாக்கிள், திருக்கிண்ணம், நற்கருணைத் தட்டு எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் சொன்னார். அன்று அது வழிபாடாகத்தான் கேட்டது.

இன்று எண்ணிப் பார்க்கிறேன், எதுவுமே இல்லை. சுரங்கக் குடியிருப்பு ஒரு புல்மேடு, சுற்றிக் கம்பிவேலி, ஓர் அறிவித்தல் பலகை. நாங்கள் வேலை செய்த கட்டடம் இப்போது கார் நிறுத்துகிற இடம். அந்த வால்நட் இனம் நோய் பிடித்து இந்தப் பக்கமெல்லாம் பட்டுக்கொண்டு வருகிறதாம், கை கறுக்கக் காய் உரித்த ஆட்களும் அருகிவிட்டார்கள். அக்காவும் அத்தானும் எல்லாரையும்போல ரொறொன்ரோவுக்குப் போய்விட்டார்கள். அங்கே அவர்களுக்கு இரண்டு கதவு வைத்த பிரிட்ஜ், உள்ளே முழுக்க மாம்பழம். மார்செலின் தொலைபேசி எண்ணை எழுதி வைத்த கொப்பி ஏதோ ஒரு வீடுமாற்றத்தில் போனது. மரம் காய்த்ததா, எனக்குத் தெரியாது. போய்ப் பார்க்க நினைத்த செப்ரெம்பர்கள் எத்தனையோ. அவர் குடியேறிய கிராமத்தின் பெயர் தெரியும், போனால் யாராவது காட்டுவார்கள். சண்டைக்காரரின் வீட்டைக் கண்டுபிடிப்பது எங்கேயும் சுலபம்தான்.

மார்செல் மொன்றியலை விட்டுப் போனது, ஒட்டு வைத்ததற்கு அடுத்த வருடத்து இலையுதிர்காலம். வேலையை விட்டுவிட்டு, பழைய சுரங்கத்திலிருந்து இருபது மைல் தள்ளி ஒரு சின்ன வீடு வாங்கியிருந்தார். கன்று அப்போது என் இடுப்பளவு. வானின் முன் ஆசனத்தில் வைத்து, ஆசனப்பட்டியை மாட்டிவிட்டார். அத்தான் ஒட்டுக் கட்டை கடைசியாக ஒருமுறை தடவிப் பார்த்தார். அக்கா வடைப் பொட்டலத்தைக் கன்றின் காலடியில் வைத்தாள். இயந்திரம் ஓடத் தொடங்கிய பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஜன்னலைத் தட்டினேன்.

"தனிய நிண்டா அப்பிள் காய்க்காதாமே? கிட்ட இன்னொரு அப்பிள் பூக்கோணுமாம். சிவப்புத் தொப்பி அம்மா சொன்னவ. அதுக்கு என்ன செய்யப்போறீங்கள்?"

மார்செல் கண்ணாடியை இறக்கினார்.

"பக்கத்து வளவுக்காரன்ர வேலியோரம் ஒண்டு நிக்குது," என்றார். "போன கிழமைதான் அந்த வேலிக்காக அவனோட சண்டை துவங்கினனான். இனி நிப்பாட்டத்தானே வேணும்."